பொட்டு வைத்த மூடி

இன்று காலை தேக்குப் பலகை ஒன்று அறுக்கும் மெஷினில் பாதி போவதற்குள் கருகல் வாசனை அடித்தது. உடனே சுவிட்சை அணைத்தேன். பலகை ஒட்டிக்கொண்டு போகும் கைடு பின்பக்கம் அரை நூல் அளவு பிளேடை நோக்கிச் சாய்ந்திருந்தது. அளந்து பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். இந்த மூக்கு உன்னிடமிருந்து தொற்றியது. உன்னைத் தவிர யாரிடமும் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

லிங்கராஜபுரத்தில் நாம் சேர்ந்து பட்டறை போட்ட மூன்றாம் வருஷம் அது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீதான் ஆயுத பூஜைக்கு முதல் ஆளாக வந்து நிற்பாய், கடலேபுரிப் பொரிக்காக. அந்த வருஷம் பிளேடுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க அதன் மேலிருந்த மூடியைக் கழற்றியது நான். மறுநாள் மாட்டவில்லை. பூஜை போட்ட கையோடு சாமி முகத்தை மூடுவதா என்று உன்னிடம் நியாயம் பேசினேன். உண்மையில் பக்தி எல்லாம் இல்லை. மூடி இல்லாவிட்டால் பென்சில் கோடு நன்றாகத் தெரிந்தது, வேலை வேகமாக ஓடியது. நீ இரண்டு நாள் சொல்லிப் பார்த்தாய். என் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

நான்காம் நாள், பிரேசர் டவுன் வீட்டு அலமாரிக்குச் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தேன். கைடின் முன்பக்கத்தை மட்டும் இறுக்கியிருந்தேன், பின்பக்கம் அளக்கவில்லை. பலகை நடுவில் சிக்கி, என் இடுப்பை உரசிக்கொண்டு பறந்து போய் ஷட்டரில் மோதியது. அதைப் பிடித்திருந்த இடது கை அப்படியே பிளேடு மேல் சரிந்தது. நீ மெயினை அணைத்தபோது கட்டைவிரல் நகம் பாதி காணோம். விரல் மிச்சம். நான் பயந்தே போனேன்.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். துணி சுற்றிவிட்டு, மூலையில் கிடந்த மூடியை எடுத்து மாட்டினாய். பூஜைத் தட்டில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தொட்டு அதன் மேல் பெரிதாக ஒரு பொட்டு வைத்தாய்.

"இனிமே இதுக்கு வெய்டா. கடிக்கிறதுக்கு இன்னாத்துக்குப் பொட்டு?"

அன்றிலிருந்து நம் பட்டறையில் பொட்டு மூடிக்குத்தான். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

உன்னைக் கொண்டுபோனது மெஷின் இல்லை, மஞ்சள் காமாலை. உன் சவப்பெட்டியை நான்தான் செய்வேன் என்று உன் வீட்டில் சொன்னேன். இந்த நிலைமையில் மெஷின் கிட்ட போகாதீங்கண்ணா என்று உன் மனைவி தடுத்தாள். கேட்காமல் பட்டறைக்கு வந்தேன். பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் கைடு வரைக்கும் டேப் பிடித்து அளந்தேன், இரண்டு பக்கமும் இறுக்கினேன், மூடியை இறக்கினேன். தள்ளுகட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, பலகைக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை; அழுதுகொண்டேதான் அறுத்தேன். பாதி நேரம் கோடே தெரியவில்லை. ஆனாலும் பலகை எல்லாம் நேராக வந்தது, கையில் ஒரு கீறல் இல்லை.

மறுநாள் உன்னைத் தூக்கியபோது என் பத்து விரலும் இருந்தன.