வஜ்ரா வேஷம்

ஜனவரி 8, புதன்

தேங்காய் எண்ணெய், கடலை மாவு, கடைசியில் பாத்திரம் தேய்க்கிற சோப்பு. எதற்கும் கழுத்தில் அப்பிய கறுப்புப் பூச்சு முழுதாகப் போகவில்லை. நான் ஏற்கெனவே கறுப்புதான். அது டிவிக்குப் போதவில்லையாம். "அரக்கி மாதிரி தெரியணும்" என்று தயாரிப்பாளர் ரகு மேக்கப்காரப் பெண்ணிடம் சொன்னார், நான் அங்கேயே உட்கார்ந்திருக்கும்போது. அவளும் தலையை ஆட்டிவிட்டு அப்பினாள். எங்களோடு மோத வருகிறவர்களுக்கு அவளே வெள்ளை அப்புகிறாள்.

இந்த டிவி போட்டியில் சந்தோஷமாகத்தான் சேர்ந்தேன். குண்டு எறிதலில் மாநில அளவு வரை போனவள், இன்று ஜிம்மில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவள். பலமான பெண்ணுக்கு ஒரு மேடை என்று நினைத்தேன். சேனலின் பலசாலிகள் நாங்கள் சில பேர். வெளியிலிருந்து சாதாரண ஜனங்கள் வந்து எங்களை ஜெயிக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பலகை, ஆளுக்கொரு முனை, கையில் பஞ்சு சுற்றிய கம்பு. விழுந்தவர் அவுட். நேர்மையான விளையாட்டு போலத்தான் இருந்தது.

என் பெயரைக்கூட விடவில்லை. சுனிதா இல்லையாம், வஜ்ரா.

ஜனவரி 12, ஞாயிறு

முதல் எபிசோடு. அம்மாவும் நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். ஜெயித்ததும் நான் சிரித்தேன், நன்றாக நினைவிருக்கிறது. டிவியில் என் வாய் திறந்தபோது கரடி உறுமுகிற சத்தம் வந்தது. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து போய் அடுப்பை மூட்டினாள்.

சீ.

ஜனவரி 17, வெள்ளி

இன்று ஒத்திகை. நாளை என்னோடு மோதப்போகிறவள் மமதா. பொம்மனஹள்ளியில் வீடு, பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்த பிறகு ஓடிப் பழகியிருக்கிறாள். மத்தியானம் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பேச்சோடு பேச்சாக இடது முட்டியைக் காட்டினாள். போன வருஷம் ஆபரேஷன் ஆன தழும்பு. "மெதுவா அடிங்கன்னு கேக்கல அக்கா. முட்டிய மட்டும் விட்டுடுங்க" என்றாள். இடுப்புக்குக் கீழே அடித்தால் ஃபௌல், பயப்படாதே என்றேன்.

சாயங்காலம் ரகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவரிடம் மமதாவின் மருத்துவ அறிக்கை இருந்தது. போட்டியாளர்களின் பாதுகாப்புக்கு என்று வாங்கி வைக்கிறார்கள் என நினைத்திருந்தேன். "இடது முட்டில ரெண்டு தட்டு தட்டுங்க சுனிதா, போதும். விழுவா, அழுவா, நொண்டிக்கிட்டே எந்திரிப்பா. கர்நாடகாவே அழும்" என்றார். ஃபௌல் ஆகாதா? நடுவரிடம் பேசியாகிவிட்டதாம்.

அந்தப் பெண்ணுக்கு இது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரிஞ்சா நடிப்பு மாதிரி ஆயிடும்ல?"

சொல்லிவிட்டு டீயை உறிஞ்சினார். அந்த ஆளின் நகங்கள் எவ்வளவு சுத்தம்.

ஜனவரி 18, சனி

முடியாது என்று சொல்லிவிட்டேன். பூச்சைப் பாதி துடைத்தும் துடைக்காமலும் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுக்காரர் ஒதுங்கி உட்கார்ந்தார். கிளம்பும் முன் மமதாவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று தேடினால் உள்ளே விடவில்லை. போட்டியாளர்களின் போன்களையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

பரவாயில்லை. நான் இல்லாமல் வஜ்ரா ஏது? அந்தச் சுற்றையே ரத்து செய்துவிடுவார்கள். அவள் தப்பித்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ரத்து செய்யவில்லை.

பலகையில் வஜ்ரா நின்றாள். என் உடுப்பு, என் ஹெல்மெட், அதே கறுப்பு. நான் இங்கே நீலசந்திராவில் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து நான் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அடி. அதே இடத்தில் இன்னொன்று. முட்டி போகக் கூடாத பக்கம் போனது. அதையே மெதுவாகத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், பின்னால் வயலின். அப்புறம் சிமென்ட் விளம்பரம்.

மமதா அலறியதற்கு மட்டும் வேறு சத்தம் வைக்கவில்லை. அதை அப்படியே விட்டிருந்தார்கள்.

நான் சொல்லியிருக்க வேண்டும். கதவை உடைத்தாவது — உடைத்திருக்கலாமே, அவ்வளவு பலம் இருக்கிறதே எனக்கு?

பிப்ரவரி 3, திங்கள்

ஜிம்முக்கு வழக்கமாக வருகிற இரண்டு பெண்கள் வரவில்லை. தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் அம்மாவிடம், பெண்ணை இப்படியா வளர்ப்பது என்று கேட்டார்களாம். அது நான் இல்லை என்றேன். அம்மா, "எனக்குத் தெரியாதாடி?" என்றாள். மற்றவர்கள் நம்பவில்லை. டிவியில் பார்த்துவிட்டார்களே.

ஆஷ்லி போன் செய்தாள். என்னைப் போல அவளும் அங்கே பலசாலி, என் உயரம். ரொம்ப நேரம் அழுதாள். அன்று என் உடுப்பில் நின்றவள் அவள்தான். "லெஃப்ட் சைடு வீக், அங்க அடின்னாங்க. ஆபரேஷன்னு ஒருத்தர்கூட சொல்லல சுனி." திட்டத்தான் நினைத்தேன். அவள்மேல் வரவேண்டிய கோபம் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

மமதா எந்த ஆஸ்பத்திரி என்று அவள்தான் சொன்னாள்.

பிப்ரவரி 6, வியாழன்

காலையில் ரகு பேசினார், ஒன்றுமே நடக்காத மாதிரி. சமாதான எபிசோடு ஒன்று எடுக்கிறார்களாம். மமதா சக்கர நாற்காலியில் வருவாள், வஜ்ரா அவள் காலில் விழுந்து அழ வேண்டும். "உங்க பேரும் சுத்தமாயிடும்" என்றார். போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டு வாசலில் மமதாவின் அண்ணன் விக்கி மறித்துக்கொண்டான். "இன்னும் எதை உடைக்கணும் உங்களுக்கு?" என்றான், சத்தம் போடாமல். அப்படியே நின்றேன்.

உள்ளே படுத்திருந்தவள் பார்த்துவிட்டாள்.

"விடுண்ணா. என்னை அடிச்சவங்க இடதுகைக்காரங்க. இவங்க என்கூட உக்காந்து வலது கையால சாப்ட்டாங்க."

சேனல்காரர்கள் படுக்கைக்கே கேமராவோடு வந்தபோதும் இதைச் சொன்னாளாம். அதை வெட்டிவிட்டு, அவள் கண்ணைத் துடைத்ததை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் காலில் விழுகிற கதையைச் சொன்னேன்.

"நீங்க வராதீங்க அக்கா. நானும் போகல. கட்டிலோட தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு."

விக்கி எனக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

நானும் ஆஷ்லியும் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, விக்கியோடு போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்தோம். "டிவி ஷோ தானே மேடம், எல்லாம் டிராமா தானே" என்று சிரித்தார் அங்கிருந்தவர். வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

டாக்டர் சம்மதித்த நாளிலிருந்து மமதா எங்கள் ஜிம்முக்கு வருகிறாள். விக்கி பைக்கில் கொண்டுவந்து விடுகிறான். காலை நீட்டவும் மடக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன். வலித்தால் கன்னடத்தில் திட்டுவாள், யாரை என்று சொல்ல வேண்டியதில்லை. புகார் இன்னும் அப்படியே கிடக்கிறது.

இன்று ஜிம் டிவியில் யாரோ அந்தச் சேனலைப் போட்டுவிட்டார்கள். பலகையில் புது வஜ்ரா. சின்னப் பெண், இருபதுகூட இருக்காது. பூச்சுக்குள் அவள் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க முயன்றேன். தெரியவில்லை. அவள் வாயைத் திறந்தாள். அந்தச் சத்தம் வந்தது.

ஜிம்மில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள், அப்புறம் திரையை, அப்புறம் மறுபடியும் என்னை.

மமதா திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கணுக்காலில் கட்டியிருந்த மணல் பையை அவிழ்த்து என்னிடம் நீட்டினாள்.

"இது லேசா இருக்கு அக்கா. கனமானது இருந்தா குடுங்க."