மஞ்சள் இறங்கும் என்றார்கள்

அக்கா,

அரிப்புக்குப் பூசும் ரோஸ் நிற மருந்தை நேற்றுத் திறந்தேன். அதன் சுண்ணாம்பு வாசனை என்னைக் குரும்பகரத்து வீட்டுக்கு, உங்கள் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. அன்று உங்களுக்குப் பூசியதை இப்போது உங்கள் கொழுந்தனார் முதுகில் பூசுகிறேன். அவருக்கும் கண் மஞ்சளாகிவிட்டது.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்படியில் சமைத்தவர்கள் நாம். எண்பதுகளின் தொடக்கம் அது. தாளடி நடவு முடிந்த சமயம், உங்களுக்குக் காமாலை என்றார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். உப்பு, புளி, எண்ணெய் எல்லாம் நிறுத்தினோம். மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரித்து, தோல் கிழியச் சொறிந்தீர்கள். நகம் படாமலிருக்க இரண்டு கையிலும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு, "குத்துச்சண்டைக்குப் போறேன்டி" என்று சிரிப்பு வேறு.

காரைக்காலில் பார்த்துவிட்டுப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே வயிற்றைத் திறந்தவர்கள், பித்தக் குழாயில் புற்று, ஈரலுக்குள் ஓடியிருக்கிறது, எடுக்க முடியாது என்று மூடிவிட்டார்கள். அதை உங்கள் வீட்டுக்காரரிடம் மட்டுமே சொன்னார்கள். உங்களுக்குத் தெரியவே கூடாது என்று அவர் எங்களிடம் அழுதுகொண்டே சொன்னார்.

ஊர் திரும்பியும் பத்தியக் கஞ்சிதான். ஒரு மத்தியானம் கிண்ணத்தை நகர்த்திவிட்டு என்னைப் பார்த்தீர்கள்.

"காமாலைன்னா இந்நேரம் இறங்கியிருக்கும். எனக்கு என்னன்னு சொல்லு. நீ மட்டுந்தான் சொல்லுவே."

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பித்தக் குழாயில கட்டி, அக்கா. எடுக்க முடியலையாம்."

நகர்த்திய கிண்ணத்தைத் திரும்பப் பார்த்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அப்ப இந்த உப்பில்லாக் கஞ்சி யாருக்கு?"

அன்றே கிளிஞ்சல்மேட்டு மீன்காரம்மாவிடம் சங்கரா வாங்கிக் குழம்பு வைத்தேன். நாலு வாய்க்கு மேல் உங்களால் முடியவில்லை. ஆனாலும் விரலை நக்கினீர்கள். உள்ளே வந்த உங்கள் வீட்டுக்காரர் என்னைத் திட்ட வாயைத் திறந்தார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே அழணும்னா இங்கயே உக்காந்து அழுங்க. கொல்லைப்பக்கம் போயி அழாதீங்க" என்றீர்கள்.

அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். அதற்குப் பிறகு வயலுக்குக்கூடத் தம்பியைத்தான் அனுப்பினார். மாசியில், அறுவடை நடந்துகொண்டிருந்தபோது போய்விட்டீர்கள்.

இப்போது இவருக்கும் அதே கட்டிதான்; ஆனால் டாக்டர் வேறு மாதிரிப் பேசுகிறார். வாய் வழியாகக் குழாய் விட்டு, அதற்குள் மெல்லிய கம்பியைப் பித்தக் குழாய்வரை செலுத்தி, அதன் நுனிச் சூட்டால் கட்டியைச் சுடுவார்களாம். அடைப்பு திறந்ததும், மறுபடி மூடாமலிருக்க ஒரு சின்னக் குழல் வைப்பார்களாம். "நோய் போயிடும்னு சொல்ல மாட்டேன்மா. மஞ்சள் இறங்கும், அரிப்பு நிக்கும். கூடக் கொஞ்ச காலம் நல்லா இருப்பாரு" என்றார். அரிப்பு நிற்கும் என்றதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு அதுவாவது கிடைத்திருக்கலாம்.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றான் என் மகன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று காலை அவரிடம் சொன்னேன்.

"அண்ணிக்கு வந்ததுதானா?"

"அதேதாங்க. ஆனா அவங்களுக்கு இல்லாத வைத்தியம் உங்களுக்கு இருக்கு."

கட்டியை எப்படிச் சுடுவார்கள் என்று விளக்கினேன். "சரி, சுடட்டும்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாளைக்குச் செய்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, அக்கா. ஆனால் அந்தப் பயத்தை எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.