கல்லங்குறிச்சி என்று சொல்லிவிட்டுப் போன மலை

பிப். 4, புதன்

காலையில் பனி. ஒன்பது மணிக்குத்தான் வெயில். முட்டிக்குத் தைலம். மாத்திரை போட்டாயிற்று.

மகள் மலர் என்னோடு பேசி இருபது நாள். ஸ்காட்லாந்தில் நர்ஸ். தனி வீடு. லீவு கிடைத்தால் தனியாக மலை ஏறுகிறாள். பொங்கலுக்கு மறுநாள் போட்டோ அனுப்பியிருந்தாள். பனி, பாறை, ஒரு ஈ காக்கா இல்லை. "பொம்பளப்புள்ள ஒத்தையா மலைக்குப் போவியா? கொழுப்பாடி?" என்றேன். "ஏறுனா மனசு லேசாவுதுப்பா. உங்களுக்குச் சொன்னாப் புரியாது." வைத்துவிட்டாள். அதோடு சரி. அவள் அம்மா சரசுவிடம் மட்டும் பேச்சு.

புரியாதாம். முப்பது வருடம் கண்டக்டராக ஊரெல்லாம் பார்த்தவனுக்கு.

நாளை நானும் ஏறிப் பார்க்கப்போகிறேன். பச்சைமலை. சரசுவிடம் கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் என்று சொல்லியிருக்கிறேன். நிஜத்தைச் சொன்னால் விடமாட்டாள்.

எடுக்க: தண்ணீர் 2 பாட்டில், துண்டு, பழைய ஷூ, புளிசாதம். (கோயிலுக்கு எதற்குப் புளிசாதம் என்று கேட்டாள். சமாளித்தேன்.)

பிப். 5, வியாழன்

5.10 பஸ். உடையார்பாளையம், அரியலூர், பெரம்பலூர், பூலாம்பாடி. அங்கிருந்து ஆட்டோ. நடக்க ஆரம்பித்தது 9.20.

நன்றாகத் தேய்ந்த தடம் ஒன்று. அதையே பிடித்தேன். முதல் ஒரு மணி நேரம் சுகம். மனசு லேசுதான். அவள் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்ததில் எனக்குக் கோபம்.

பிறகு தடம் முள்ளுக்குள் நுழைந்தது. குனிந்தேன், தவழ்ந்தேன். கால் வழுக்கி முட்டி பாறையில். போனில் சிக்னல் இல்லை. "யாராச்சும் இருக்கீங்களா?" கத்தியது நான்தானா என்று இருந்தது. அப்போதுதான் உறைத்தது. இங்கே செத்துக் கிடந்தால் என்னைக் கல்லங்குறிச்சியில் தேடுவார்கள்.

ரொம்ப நேரம் கழித்து ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு அம்மா.

"ஏன் சார், இது ஆடு போற தடமாச்சே! மனுசன் போற வழி அந்தப் பக்கம் இருக்கு. கூட யாரும் வரலீங்களா?"

"இல்லம்மா."

"வூட்ல சொல்லிட்டு வந்தீங்களா?"

ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டினேன். கையைப் பிடித்து இறக்கிவிட்டார். உச்சியைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் மலருக்கு முட்டியை போட்டோ எடுத்து அனுப்பினேன். நடந்ததையும்.

பிப். 6, வெள்ளி

முட்டி வீக்கம். மலர் அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டாள். காலையிலிருந்து காபியும் இல்லை, பேச்சும் இல்லை.

பதினோரு மணிக்கு மலரே போன். "யார்ட்டயும் சொல்லாமப் போவீங்களா? அறிவிருக்காப்பா? நான் எந்த வழி, எத்தன மணிக்குத் திரும்புவேன், எல்லாம் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுத்தான் கிளம்புவேன்."

"சரிடி, சரி."

வைத்த பிறகு யோசனை. அவள் இருப்பது தனி வீடு. அந்தத் தாளை யார் படிப்பது?

டிப்போவில் கடைசி பஸ் உள்ளே வரும் வரை டைம் கீப்பர் எழுந்து போகமாட்டார். என் மகளுக்கு அப்படி ஒருவரும் இல்லை. போகாதே என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

மெசேஜ் போட்டேன்: "அடுத்த தடவை அந்தத் தாளை எனக்கு அனுப்பிட்டுப் போ."

பிப். 8, ஞாயிறு

மேகம். வீக்கம் பரவாயில்லை. கறி அரைக் கிலோ.

பகல் 1.15. மலரிடமிருந்து போட்டோ, ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாள். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

கிளம்புவது 8. உச்சி 12. கீழே 3. 3.30 வரை தகவல் இல்லை என்றால் மலை மீட்புக் குழுவின் இந்த எண்ணுக்குச் சொல்லவும்.

அடியில் வேறு பேனாவில்: பொறுப்பு, அப்பா.

அங்கே 3 என்றால் இங்கே ராத்திரி 8.30. அங்கே 3.30 என்றால் இங்கே 9.

சரசு சீரியல் போடவில்லை. போனை நடுவில் வைத்து இரண்டு பேரும்.

8.30. ஒன்றும் இல்லை.

8.41. என் மெசேஜுக்கு ஒரு டிக்தான். "பேட்டரி தீந்திருக்கும்ங்க" என்கிறாள் சரசு. குரல் சரியில்லை.

8.52. இங்கிலீஷில் சொல்ல வேண்டியதை எழுதி வைத்துவிட்டேன். மை டாட்டர். ஹில். அலோன்.

8.58. கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். எண்ணைச் சரசு வாசிக்கிறாள், நான் அழுத்துகிறேன்.