பெயர் போடாத ஜெபக் குறிப்பு

பாப்பாவுக்கு,

செங்காங்கில் சித்தி வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் தாளில் எழுதுகிறேன்.

சனிக்கிழமை சர்ச்சில், வாலிபர் ஊழியத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பு எடுத்தேன். ‘பிள்ளைகள் நம்பிச் சொல்வது நம்மைத் தாண்டிப் போகக்கூடாது’ என்று வழக்கம்போல முதல் வரியாகப் போர்டில் எழுதினேன். பெர்சிஸ் என்ற பெண் கை தூக்கினாள்.

“பேர் போடாம ப்ரேயர் குரூப்ல போட்டா ஓகே லா, ஆன்ட்டி? ஜெபத்துக்குத்தானே?”

நீ என்னிடம் நம்பிச் சொன்னதை அன்று அந்தக் குரூப்பில் போட்டபோது நானும் உன் பெயரைப் போடவில்லை. ‘பத்தொன்பது வயது மகள், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறாள்’ என்று மட்டும்தான் போட்டேன். அடுத்த ஞாயிறு சர்ச் வாசலிலேயே மூன்று பேர் உன் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். நீ உள்ளே வராமலே சிராங்கூன் ரோட்டில் பஸ் ஏறிப் போய்விட்டாய். நான் பின்னால் வரவில்லை. ஆராதனை தொடங்கிவிட்டது.

பெர்சிஸிடம், “கூடாதும்மா” என்றேன். ஏன் என்று கேட்டாள். காரணத்தைச் சொன்னால் உன் கதையை இரண்டாம் முறை சொன்னதாகிவிடும். சொல்லவில்லை.

மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே.

இந்தக் கடிதம் எழுதுவது யாருக்கும் தெரியாது. ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றுகூட யாரிடமும் சொல்லவில்லை.

அம்மா