பனிமலைக்கு ஒன்பது கேள்விகள்

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்று நான்கு லிஃப்ட் பார்த்தேன். மூன்று தேறின. ஆறு மாடி அலுவலகக் கட்டட லிஃப்டின் கம்பிவடத்தில் இழைகள் அறுந்திருந்தன. நிறுத்தி, சிவப்பு அட்டை ஒட்டிவிட்டு வந்தேன். கட்டட மேலாளர் என்னைத் திட்டிக்கொண்டே படியேறினார். பழகிவிட்டது. இந்த ஊரில் பாதிப் பேர் என் கையெழுத்தை நம்பி மேலே போகிறார்கள், மீதிப் பேர் என் கையெழுத்தால் படியேறுகிறார்கள்.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். சாப்பாட்டு மேஜையில், தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பனிச்சறுக்கு கத்துக்கலாம்னு இருக்கேன்" என்றாள். எங்கள் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் கார்க் கண்ணாடியில் படிகிற ஈரம்தான். அதைத் துடைக்கத்தான் தெரியும், சறுக்கத் தெரியாது. நாற்பத்தெட்டு வயது இவளுக்கு. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட கதை என்று நினைத்தேன். நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

காரணம், இவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு இன்று வந்த ஒரு பெண்மணியாம். அறுபது வயது. வெளிநாட்டில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளப் போய் மணிக்கட்டு பிசகி, கட்டோடு வந்து வலிக்களிம்பு கேட்டாராம். "இருபது வருஷமா வலி மருந்து எடுத்துக் குடுக்கறேன். குளியலறையில வழுக்கி விழுந்தவங்க யாரும் சிரிச்சுக்கிட்டே வந்து கேட்டதில்லைங்க. அந்தம்மா சிரிச்சாங்க" என்றாள்.

பார்க்கலாம் என்றேன். என் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

செப்டம்பர் 14, ஞாயிறு

விடவில்லை. எந்த இடம் என்று தேடிச் சொல்லும் பொறுப்பை என்னிடமே கொடுத்துவிட்டாள். "தேடறதுல நீங்க கெட்டி. குறை கண்டுபிடிக்கறதுல அதைவிடக் கெட்டி. விரலுக்கேத்த வீக்கமா ஒண்ணு பாருங்க" என்றாள்.

மத்தியானம் முழுக்கப் படித்தேன். இந்த விளையாட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பெரிய பனிமலை விடுதிகள் இருநூறு கிலோமீட்டர் சறுக்குப் பாதைக்கும் சேர்த்துச் சீட்டு விற்கின்றன. புதிதாகக் கற்றுக்கொள்பவனோ முதல் வாரம் முழுக்க அடிவாரத்தில் நூறு மீட்டர்ச் சரிவைத் தாண்டுவதில்லை. ஒரு வாய்த் தண்ணீருக்குக் கிணற்றையே விலைக்கு வாங்குகிற மாதிரி. அந்த நூறு மீட்டருக்கு இலவசமாக விடும் இடங்களும் இருக்கின்றன. அதைத் தேடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

படிக்கப் படிக்கக் கொஞ்சம் பிடித்துவிட்டது என்று இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகள் கல்லூரி விடுதியிலிருந்து பேசினாள். அவளிடம் அம்மா முன்பே சொல்லியாகிவிட்டது. "செஞ்சிடுங்கப்பா. அம்மா என்னைக்காவது ஏதாவது கேட்டிருக்காங்களா?" என்றாள்.

கேட்டிருக்கிறாள். அதுதான் உறுத்துகிறது. ஸ்கூட்டர் கேட்டாள், சாலையைக் காட்டி வேண்டாம் என்றேன். மகளை நீச்சலுக்குச் சேர்க்கலாம் என்றாள். குளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு, ஆழம் காட்டும் பலகை சரியில்லை, அடுத்த வருடம் என்றேன். மகள் நீச்சல் கற்றது பத்தொன்பது வயதில், விடுதிக்குப் போன பிறகு, எனக்குச் சொல்லாமல். ஒரு போட்டோவில் ஈரத் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்டோபர் 4, சனி

மூன்று இடங்கள் மிஞ்சியிருக்கின்றன. முதலாவது பெயர்பெற்றது, விலையைக் கேட்டாலே சறுக்கி விழுவோம். இரண்டாவது அதற்குப் பக்கத்து நாட்டில், நடுத்தரம். நல்ல உயரத்தில் இருப்பதால் ஜனவரியில் பனி நிச்சயம். புதியவர்களுக்கான சரிவு இலவசம். பூட்ஸ், சறுக்குப் பலகை, கைத்தடி எல்லாம் வாடகைக்கு. குழுவாக வகுப்பு. அறையிலேயே சமைத்துக்கொள்ளலாம். விமான நிலையத்திலிருந்து பேருந்து. பள்ளி விடுமுறை முடிந்ததும் வருகிற ஜனவரி நடுவாரத்தில் எல்லாமே ஏறக்குறைய பாதி விலை. மூன்றாவது, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கிராமம். மொத்தமே நான்கு லிஃப்ட். மலிவு. ஆனால் உயரம் குறைவு. பனி பெய்தால் உண்டு, இல்லாவிட்டால் சேறு.

இவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பட்டியலை இரண்டு தடவை படித்தாள். "ரெண்டாவது" என்றாள். முகம் அப்படி மலர்ந்து பார்த்து எத்தனை நாளாயிற்று.

அக்டோபர் 18, சனி

இரண்டாவது இடத்தில் ஜனவரி நடுவாரம் இருவருக்கும் இடம் பிடித்து வைத்தாயிற்று. பத்து நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். இவள் கடையில் விடுப்பு சொல்லிவிட்டாள். எனக்குக் கம்பளிக் காலுறை வேறு வாங்கி வந்திருக்கிறாள், இரண்டு அளவு பெரிதாக.

அக்டோபர் 19, ஞாயிறு

உறுதி செய்வதற்கு முன் விடுதிக்கு மின்னஞ்சலில் ஒரே ஒரு கடிதம் அனுப்பிவிட்டேன். வடத்தில் தொங்கவிட்டு ஆட்களை மலைமேல் ஏற்றும் அந்த நாற்காலி லிஃப்டின் வடம் எப்போது மாற்றப்பட்டது, கடைசியாக எப்போது சோதித்தார்கள், அவசர நிறுத்தத்தில் எத்தனை மீட்டர் ஓடி நிற்கும் – ஒன்பது கேள்விகள். தெரிந்துகொள்வதில் தவறென்ன?

அக்டோபர் 20, திங்கள்

என்னோடு வேலைக்கு வரும் மெக்கானிக்கிடம் சொன்னேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பானர் வைத்திருப்பதால் அவனுக்கு அதுவே பெயர். இயந்திர அறையில் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, நீங்க போறது விளையாடவா, தணிக்கைக்கா?"

அக்டோபர் 24, வெள்ளி

பதில் வந்துவிட்டது. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கடிதத்தின் அடியில், கை பழக்கத்தில், 'லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர்' என்று பதவியையும் உரிம எண்ணையும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். தினமும் முப்பது தாளில் அப்படித்தானே போடுகிறேன். அவர்கள் நான் அதிகாரப்பூர்வமாகச் சோதனைக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். மிகுந்த மரியாதையோடு எழுதியிருக்கிறார்கள்: என் கடிதம் தொழில்நுட்பப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, அவர்கள் என்னைத் தொடர்புகொள்வார்கள். ஆய்வாளர் சுற்றுலா விருந்தினராகத் தங்குவது முறையல்ல என்பதால் அறை விடுவிக்கப்பட்டுவிட்டது. உடனே போன் செய்தேன். பேசிய பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அந்த வாரம் விற்றுவிட்டதாம். அடுத்த வாரங்கள் இரண்டு மடங்கு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தேன். அதுவும் சொந்தக் கையெழுத்தால்.

இவளிடம் எப்படிச் சொல்வது?

அக்டோபர் 25, சனி

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மின்னஞ்சல் பெட்டி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். காலையிலேயே படித்துவிட்டாள்.

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நீங்க மலையை ஆய்வு பண்ணலைங்க. நான் கேட்டதை எங்க நிறுத்தலாம்னு பார்த்தீங்க."

"சத்தியமா இல்ல. மறந்து போய்க் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"கையெழுத்தை விடுங்க. ஒன்பது கேள்வி எதுக்கு? அதுக்குப் பதில் வந்தா பத்தாவது கேட்டிருப்பீங்க."

பத்தாவது கேள்வி என் மனதில் இருந்தது உண்மை. மேலே காற்றின் வேகம் பற்றி.

அக்டோபர் 28, செவ்வாய்

இவள் பதிவு செய்துவிட்டாள். மூன்றாவது இடம், சின்னக் கிராமம். ஜனவரி அதே வாரம். ஒரு ஆள்.

ஒரு ஆள்!

"கோவத்துல பண்ணலை" என்றாள். "யோசிச்சுத்தான் பண்ணேன். உங்களுக்கு வேணாம்னா வேணாம், அது தப்பில்ல. ஆனா உங்களுக்கு வேணாம்ங்கறதுக்காக எனக்கும் வேணாம்னு ஆகக்கூடாதுல்ல?"

அங்கே உயரம் குறைவு, பனி இல்லாமலும் போகலாம் என்பது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். கல்யாணமாகி இருபத்துமூன்று வருடத்தில் நாங்கள் தனித்தனியாக ஊருக்குப் போனதே இல்லை. கோபத்தில் செய்திருந்தாலாவது சமாதானம் சொல்லலாம். அமைதியாகச் செய்தவளிடம் என்ன சொல்வது?

நவம்பர் 2, ஞாயிறு

நேர்மையாக எழுதிப் பார்க்கிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

இத்தனை வருடம் இதற்கு நான் வைத்திருந்த பெயர் அக்கறை. அக்கறைதான் என்று நானும் நம்பினேன். ஆனால் அக்கறை இருப்பவன் ஆழப் பலகையை மாற்றச் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் குளத்தில் இறக்கியிருப்பான். நான் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். எனக்குப் பயம். விபத்து அறிக்கைகளாகப் படித்துப் படித்து வந்த பயமா, அதற்கு முன்பே இருந்ததா, தெரியாது. பயந்தவனுக்கு வாகாக ஒரு வேலை கிடைத்தது. வேண்டாம் என்று சொல்வதற்குச் சம்பளமும் கொடுத்தார்கள். இவள் அந்தச் சிவப்பு அட்டையோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறாள். இப்போது அட்டையைக் கிழிக்கக்கூட இல்லை, சுற்றிக்கொண்டு போகிறாள். அப்படியே பழகிவிட்டால் இவள் போகிற வழியில் எதிலும் நான் இருக்கமாட்டேன்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்று, "நானும் வரட்டுமா?" என்றேன்.

மடிப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு? என்னைப் பாத்துக்கறதுக்கா?"

ஆமாம் என்றுதான் வாயில் வந்தது. "தெரியல" என்றேன்.

மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். "பாத்துக்கறதுக்குன்னா வேண்டாம். தெரியலன்னா வாங்க."

நவம்பர் 3, திங்கள்

இவள் பதிவிலேயே இரண்டாவது ஆளாகச் சேர்ந்துவிட்டேன். பெயரை மட்டும் எழுதினேன். அந்தப் பெட்டிக்குக் கீழே 'சிறப்புக் கேள்விகள்' என்று காலியிடம் இருந்தது. காலியாகவே விட்டேன். கை நமநமவென்றது.

ஜனவரி 11, ஞாயிறு

வந்து சேர்ந்தோம். பனி இருக்கிறது! பேருந்திலிருந்து இறங்கியதும் இவள் குனிந்து கையுறையைக் கழற்றி ஒரு பிடி அள்ளினாள். என் கையில் கொஞ்சம் வைத்தாள். சட்டென்று சுட்டது போலிருந்தது.

வாடகைப் பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒரு செங்கல் எடை. அதைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கடை வாசலில் நடந்தது பார்க்க வேண்டிய காட்சி.

அறை சின்னது. ஜன்னலுக்கு நேராக நாற்காலி லிஃப்டின் கம்பம். நான் நின்று மேல் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் வந்து திரையை இழுத்து மூடிவிட்டு ரொட்டி வெட்டப் போய்விட்டாள்.

ஜனவரி 13, செவ்வாய்

உடம்பில் வலிக்காத இடம் கண் இமை மட்டும்தான்.

புதியவர்களுக்குத் தரையோடு ஓடும் ஒரு பட்டை இருக்கிறது. நின்றால் மேலே கொண்டுபோய் விடும். இருபத்தைந்து வருடம் லிஃப்ட் பார்த்தவன் அதிலிருந்து இறங்கத் தெரியாமல் மூன்று தடவை விழுந்தேன். கற்றுத்தரும் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். பலகை நுனிகளைச் சேர்த்து, குதிகாலை அகட்டு, வேகம் குறையும் என்கிறாள். நான் அகட்டிய அகட்டில் வேகம் மட்டுமல்ல, நகர்வதே நின்றுவிட்டது. "ரொம்பப் பத்திரமாக ஓட்டுகிறீர்கள், ஆனால் நீங்கள் ஓட்டவே இல்லை" என்றாள். சுற்றி ஐந்து வயதுக் குழந்தைகள். விழுந்தால் எழுவதற்கு முன் பனியைக் கொஞ்சம் தின்று பார்க்கிறார்கள்.

இவளை மத்தியானமே அடுத்த குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள். நாளையிலிருந்து நாற்காலி லிஃப்டில் மேலே போவாள். கையசைத்தேன். பொறாமை, பெருமை, கலக்கம், எல்லாம் ஒன்றாக வந்தது.

ஜனவரி 15, வியாழன்

இன்று இவள், புதியவர்கள் அடுத்தபடியாக இறங்கும் நீலப் பாதையில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை தனியாக இறங்கினாள். ஒருமுறைகூட விழவில்லையாம்.

'யாம்' என்று எழுத வேண்டியிருக்கிறது. நான் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் நான் என் நூறு மீட்டர்ச் சரிவில், ஒரு பலகை கழன்று, முகம் பனியில் புதைய விழுந்துகிடந்தேன். எழுந்து பார்த்தால் இவள் என் முன்னால் மூச்சு வாங்க நிற்கிறாள். "பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல. நான் விழுந்துகிட்டிருந்தேன்."

கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தாள். நிற்க முடியாமல் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். மருந்துக்கடை மேஜைக்குப் பின்னால் நிற்பவளுக்கு இப்படிச் சிரிக்கத் தெரியும் என்பதையே மறந்திருந்தேன்.

"நாளைக்குக் கடைசி நாள். மேல வாங்க" என்றாள்.

ஜனவரி 16, வெள்ளி

போனேன். நாற்காலி லிஃப்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து. கீழே மரங்கள்.

முதல் வளைவை எப்படியோ கடந்தேன். இரண்டாவது வளைவில் சரிவு முழுக்கக் கண்ணில் பட்டது. கால் நகரவில்லை. இறங்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. உடம்பு நடுங்கியது குளிரால் அல்ல. குழந்தைகள் விர் விர்ரென்று என்னைத் தாண்டிப் போனார்கள். "என்னால முடியாது" என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் இவளிடம் சொன்னதே இல்லை. 'கூடாது' என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள்தானே வரட்டுமா என்றீர்கள் என்று இவள் குத்திக்காட்டவில்லை. எப்படி இறங்குவது என்று பாடம் நடத்தவும் இல்லை. பலகையைக் கழற்றிப் பாதையோரம் குத்தி வைத்தாள். என்னுடையதையும் குனிந்து கழற்றினாள். என்னைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் நேத்து இதே இடத்துலதான் நடுங்குச்சு" என்றாள்.

"சொல்லவே இல்லையே நீ."

"சொன்னா இறங்க விட்டிருப்பீங்களா?"

இல்லை என்று தலையசைத்தேன். அதன் பிறகு மகளைப் பற்றிப் பேசினோம். ஸ்பானர் இந்தக் கோலத்தைப் பார்த்தால் என்ன சொல்வான் என்று பேசினோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. இவள் அவசரப்படுத்தவே இல்லை. பனியில் உட்கார்ந்த இடம் மரத்துப்போன பிறகு, என் தோளில் தட்டி, "போலாமா?" என்றாள்.

பலகைகளை மாட்டிக்கொண்டு போனோம்.