எந்த ஏசுபாதம்?

மாதா துணை
சிட்லபாக்கம்
12.6.1988

என் கண்ணு அமலராணிக்கு,

உன் மாமன் சவுரிமுத்து ஆயிரம் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மஸ்கட் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஊசி போட்டுக்கொண்டே இதைப் படிக்காதே, உட்கார்ந்து படி. உன் அப்பன் ஏசுபாதம் திரும்பி வந்துவிட்டான்! நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் ஓடிப்போனவனை, தாம்பரம் ஸ்டேஷனில் பத்தாயிரம் பேர் நடுவே முதுகைப் பார்த்தே பிடித்தேன். (அதற்கு முன்னால் ஒரு டிக்கெட் பரிசோதகரைக் கட்டிப் பிடித்தது வேறு விஷயம்.) தாடி வைத்து, கண்ணாடி போட்டிருக்கிறான். குடி சுத்தமாக இல்லை. எறும்பை மிதித்தாலும் மன்னிப்புக் கேட்கிறான்.

உன் வீட்டு கேட்டில் நின்று, "நான் அந்த ஆளே இல்ல செல்லம்மா, வேற மனுஷன்" என்றான். உன் அம்மா திறக்கவில்லை.

"வேற ஆளுன்னா, அன்னிய ஆம்பளைக்கு என் வூட்டுல இன்னா வேலை? கோயில்ல புதுசா மூணு ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்கட்டும். ஆட்சேபணை இருக்கறவங்க சொல்லட்டும். அப்பால பாக்கலாம்."

விடுவேனா! பிஷப்புக்கே சட்டம் சொல்கிறவன், பங்குச் சாமியாரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "தாலி கட்டினவன் அதே ஆள்தான்யா. மறுபடி ஓலை கிடையாது."

இதைச் சொன்னதும் உன் அம்மா, "அதே ஆளுன்னா என் மகளுக்குப் பதில் சொல்லட்டும்" என்கிறாள். உனக்கு ஆட்சேபணை உண்டா? உடனே எழுது.

உன் ஒரே மாமன்
சவுரிமுத்து


மஸ்கட்
27.6.1988

அன்புள்ள மாமா,

உண்டு. அவர் முறுக்கி ஒடித்த என் இடது கை இன்றும் முழுசாக நீளாது. நோயாளிகள் கேட்டால் சைக்கிளில் விழுந்தேன் என்கிறேன். அவர் வேறு மனிதர் என்றால், நான் யாரைப் போய்க் கேட்பது? இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

அமலராணி


சிட்லபாக்கம்
14.7.1988

கண்ணு,

படித்தேன்! கேட்டுக்கு வெளியே நின்று, சேலையூர் வரைக்கும் கேட்கும்படி படித்தேன். பாதியில் நிறுத்தி மூக்கைச் சிந்தினேன், தூசி. மீதியை உன் அம்மா கேட்டுக்கு மேலாகப் பிடுங்கிப் படித்தாள்.

அவன் கண்ணாடியைக் கழற்றினான். "சைக்கிள் இல்ல. நான்தான். இந்தக் கைதான். வேற ஆளுன்னு சொல்லிக்கினு திரிஞ்சதுதான் பொய்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை.

உன் அம்மா, "இப்பதான்யா நீ வந்திருக்கே" என்று கேட்டைத் திறந்தாள். இப்போதைக்கு வராந்தாவில் ஒரு நாற்காலி, அதற்கு மேல் கிடையாது.

இந்த ஜில்லாவில் வேறு எவனாலும் முடியாத காரியம், நான் முடித்தேன்! ஆனால் ஒன்று. உன் அம்மா திறந்தது அவள் இஷ்டம். அவனை அப்பா என்று கூப்பிடுவதும் விடுவதும் உன் இஷ்டம். நீ எந்தப் பக்கமோ, மாமன் அந்தப் பக்கம்.

சவுரிமுத்து