வலைக்கடைக்கு ஆடிட்டர் தேடியது

கடலூர் முதுநகர்
ஞாயிறு, பூசை முடிந்து வந்த மதியம்

அன்பு மகள் ரேகாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அப்பாவும் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை இளவரசும் வயிற்றுப் பிள்ளையும் எங்களைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றைய பூசையிலும் கேட்டுக்கொண்டேன். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று பதில் சொல்கிறாய், காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான். கால் வீக்கம் வடிந்ததா, உப்பைக் குறைத்தாயா, அந்த அயர்லாந்து மழையில் நனைந்துகொண்டே டியூட்டிக்குப் போகிறாயா என்பதை எல்லாம் ஒளிக்காமல் சொல். நர்சுக்குத் தெரியாததா என்று சொல்லாதே, மற்றவர் உடம்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள்தான் தன் உடம்பைப் பார்ப்பதில்லை.

போன மாதம் நீ பேசியதை நான் மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. ஜூலையில் பிரசவம், வந்துவிடு என்றாய். மீன்பிடித் தடைக்காலம் முழுக்கக் கடையில் வலை வியாபாரம் நெரியும், படகுகள் ஜூன் பாதியில் கடலுக்குப் போன பிறகுதான் நான் கணக்குக்கு உட்கார முடியும், ஜூலை கடைசிக்குள் வருமான வரி ரிட்டர்ன் போட்டாக வேண்டும், முடித்துவிட்டு ஆகஸ்டில் வருகிறேன் என்றேன். அதற்கு நீ, "பேரப்புள்ளைய விட உனக்கு ரிட்டர்ன்தான் பெருசாம்மா? ஒரு ஆடிட்டர வச்சிக்கிட்டா என்னா?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவள் நான். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி, யாரையும் கேட்காமல், இத்தனை வருடமாக ரிட்டர்ன் போடுகிறேன். ஒரு நோட்டீஸ் வந்ததில்லை, ஒரு நாள் தாமதக் கட்டணம் கட்டியதில்லை. ஒரு நாளாவது நன்றாகச் செய்தாய் அம்மா என்று சொல்லியிருக்கிறாயா? இல்லை. ஆனால் ஆடிட்டரை வைத்துக்கொள் என்று சொல்ல மட்டும் வாய் வருகிறது. சரி, அப்படி என்னதான் அந்த ஆடிட்டர்கள் செய்கிறார்கள், பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் இங்கே கடலூரிலேயே ஒருவரிடம் போனோம், பெயர் வேண்டாம். துணைக்கு வந்த உன் அப்பாவைப் பார்த்து, "சார், வருஷத்துக்கு எவ்ளோ விக்கிது?" என்று கேட்டார். உன் அப்பா, "எனக்கு வலையில கண்ணி எத்தன அளவுன்னே தெரியாது சார், கடைக்காரம்மா இவுங்கதான்" என்றார். அதற்குப் பிறகும் அந்த மனிதர் அவர் பக்கமே திரும்பி, "பில் எல்லாத்தையும் ஒரு பையில போட்டுக் குடுத்துட்டு இங்க கையெழுத்துப் போட்டா போதும், அம்மாவுக்கு ஒண்ணும் புரிய வேணாம்" என்றார். புரியாமல் கையெழுத்துப் போடுவதற்கா நான் இத்தனை வருடம் ஒற்றை விரலால் தட்டினேன்? பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். போதாததற்கு அவரிடம்தான் எதிர்க் கடைக்காரரும் கணக்குக் கொடுக்கிறார். வழியெல்லாம் உன் அப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "நீ ஆடிட்டர் தேடல, உன்னைப் போலவே இன்னொருத்தியத் தேடுற, அப்பிடி ஒருத்தி இருந்தா ஊர் தாங்காது" என்று வேறு சொன்னார். மகளும் அப்பாவும் ஒரே கட்சி, எனக்கு எப்போதும் ஆள் கிடையாது.

அந்த வாரம் வலை எடுக்க கிள்ளை காத்தவராயன் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிதம்பரத்தில் கயல்விழி என்று ஒரு பெண் இருக்கிறாள், கிள்ளைப் பக்கம் படகு வைத்திருப்பவர்கள் பலருக்கு அவள்தான் கணக்குப் பார்க்கிறாள் என்றார். "வாய் மட்டும் ஜாஸ்திக்கா, அதனால உங்களுக்குச் சரியா வரும்" என்றார். இது பாராட்டா திட்டா என்று கேட்டேன், அவர் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை எடை போட ஆரம்பித்துவிட்டார். எப்படியும் சிதம்பரம் என்றால் நம் கடை விஷயம் முதுநகருக்குத் திரும்பி வராது என்று முதுநகர் ஸ்டேஷனில் ரயில் ஏறிப் போனோம்.

கீழவீதியில் ஒரு ஜவுளிக் கடை மாடியில் அவள் ஆபீஸ். உன் வயதுதான் இருக்கும். உன் அப்பாவுக்கு ஒரு நாற்காலியும் அன்றைய பேப்பரும் கொடுத்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு என்னிடம் பேசினாள், அதிலேயே எனக்குப் பாதி மனசு இறங்கிவிட்டது. நம் கணக்கையும் பாங்கு ஸ்டேட்மென்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "கூட்டல் எல்லாம் சரியா இருக்கும்மா, ஆனா ஏப்ரல் முதல் ரெண்டு வாரம் வித்தது ஏன் முந்தின வருஷத்துல போய் உக்காந்திருக்கு?" என்று கேட்டாள். உனக்குத் தெரியும், நம் கடையில் வருடம் என்பது தடைக்காலத்திலிருந்து தடைக்காலம் வரை. படகுகள் கரையேறும் ஏப்ரல் பதினாலு அன்று எல்லோரும் வந்து பாக்கியை அடைப்பார்கள், அடைத்தவருக்கு வலை பின்ன ஒரு நூல்கண்டு இனாம் கொடுத்து நான் கணக்கு நோட்டில் கோடு போடுவேன். என் மாமியார் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். அதை அவளிடம் சொன்னேன். அவள், "கடலுக்கு ஏப்ரல் பதினஞ்சுல தடை போடுற அதே அரசாங்கம்தாம்மா, கணக்குக்கு மார்ச் முப்பத்தொண்ணுல கோடு போடுது" என்றாள். அப்படியானால் இரண்டையும் ஒரே தேதியில் வைக்கச் சொல், மீன் எந்தத் தேதியில் முட்டை போடும் என்று தெரிந்து வைத்திருக்கிறவர்களுக்கு வலைக்காரன் எந்தத் தேதியில் பணம் கொடுப்பான் என்று தெரியாதா என்று கேட்டேன். "மீனு சொன்னா கேக்குறாங்க, நீங்க சொன்னா கேக்க மாட்டாங்க" என்றாள். உன் அப்பா பேப்பருக்குப் பின்னால் இருமினார், அது இருமல் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் கீழே ஜவுளிக் கடைக்காரரே மாடிப்படியில் வந்து எட்டிப் பார்த்தார். நான் வரியை ஏய்க்கவில்லை, மறு வருடம் காட்ட வேண்டியதை முந்தின வருடமே காட்டி வரி கட்டியிருக்கிறேன் என்றேன். ஏய்க்கவில்லைதான், ஆனால் தேதி தேதிதான், யாராவது கேட்டால் நூல்கண்டைக் காட்ட முடியாது என்றாள். அவளும் இறங்கவில்லை, நானும் இறங்கவில்லை. கடைசியில் அவள் சொன்னதுதான் ரேகா நான் எதிர்பார்க்காதது. "உங்களுக்கு வருஷா வருஷம் ஆடிட்டர் தேவையில்லம்மா. கணக்கு எழுதுறதுல உங்களுக்கு நான் சொல்லிக்குடுக்க ஒண்ணும் இல்ல. இந்த ஒரு தடவ பழைய வருஷத்தையும் சேத்து நேராக்கணும், அது நீங்க தனியா செஞ்சா சிக்கலாயிடும். அத நான் செஞ்சு குடுக்குறேன், அடுத்த வருஷத்துலேருந்து நீங்களே போட்டுக்குங்க" என்றாள். தன் வரும்படியைத் தானே வேண்டாம் என்று சொல்லும் ஆடிட்டரை நான் பார்த்ததில்லை. அந்த நிமிடமே இவளைத்தான் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஃபீஸைக் குறைக்கச் சொன்னேன், குறைக்கவில்லை. குறைத்திருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன்.

நிபந்தனை இல்லாமல் விட்டேன் என்று நினைக்காதே. பில் கட்டுகள் கடையை விட்டு வெளியே போகக் கூடாது, அவள்தான் முதுநகருக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சரி என்றாள், மதியச் சாப்பாட்டுக்கு மத்திக் குழம்பு வேண்டுமாம், உன் அப்பா வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அடுத்தது, கடைசிப் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு எண்ணையும் எனக்கு போனில் படித்துக் காட்ட வேண்டும், ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வரும், நான் சொன்னால்தான் ரிட்டர்ன் போகும். அதற்கும் சரி என்றாள். அவள் பக்கத்து நிபந்தனை ஒன்றே ஒன்றுதான், நான் அயர்லாந்திலிருந்து தினமும் அவளைக் கூப்பிடக் கூடாதாம். வாரம் ஒரு முறை என்று முடிந்தது. கோடு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அரசாங்கத்துக்காக மார்ச் கடைசியில் ஒரு பென்சில் கோடு போடுகிறேன், மையால் போடும் கோடு படகு கரையேறும் அன்றுதான், நூல்கண்டும் அன்றுதான்.

ஆகவே விசா குத்தி வந்ததிலிருந்து பீரோவில் கிடந்த பாஸ்போர்ட்டை நேற்று எடுத்து உன் அப்பா டிக்கெட் போட்டுவிட்டார். ஜூன் கடைசி வாரம் உன் வீட்டில் இருப்பேன், மாப்பிள்ளையை ஏர்போர்ட்டுக்கு அனுப்பு, நீ வயிற்றைத் தூக்கிக்கொண்டு வராதே. நீ சொன்னதால் வருகிறேன் என்று அவரிடம் பெருமை அடித்துக்கொள்ளாதே. நானே போய்ப் பார்த்து, நானே சண்டை போட்டு, நானே முடிவு செய்தேன். கடையை உன் அப்பா பார்த்துக்கொள்வார். பாக்கி கேட்கப் போனால் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பும் மனிதர், ஆனாலும் நான் திரும்பி வந்து வசூலித்துக்கொள்வேன், கடல் எங்கேயும் போய்விடாது. பழைய பருத்திப் புடவைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருக்கிறேன், அங்கே கடையில் விற்கும் துணி எதையும் பிள்ளைக்கு வாங்கி அடுக்காதே. எடுத்துவரும் பூண்டையும் பெருங்காயத்தையும் பார்த்து ஏர்போர்ட்டில் கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும்.

வேளாங்கண்ணி மாதா உன்னைத் தன் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளட்டும். இருமினாலும் தும்மினாலும் வயிற்றில் கை வைத்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல், வெறும் பாலைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓட வேண்டாம் என்றும் சொல். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஜூலை முடிவதற்குள் கயல்விழி எண்களைப் படித்துக் காட்டக் கூப்பிடும்போது என் இரண்டு கையிலும் பிள்ளை இருக்கும். போனைக் காதில் வைத்துக்கொண்டு நான் கேட்பேன், ஆனால் ஓ.டி.பி.யைப் பார்த்துச் சொல்ல எனக்குக் கை இருக்காது. நீதான் படிக்க வேண்டும், தூங்குகிற பிள்ளை எழாமல் மெதுவாகப் படி.

உன் மேல் கோபம் இன்னும் ஆறாத,
அம்மா
அ. ஆரோக்கியம்மாள்